டிரெய்லரோடு லடாக்: சக்கரத்தடியில் பார்த்த வேலைகள்

நாங்கள் டெல்லியிலிருந்து டிரெய்லர் இழுத்துக்கொண்டு குடும்பத்தோடு லே வரை போய் வந்தோம் என்று கேள்விப்பட்டவர்கள் முதலில் விசாரிப்பது, உள்ளே படுக்கை எப்படி, அடுப்பு எங்கே, கழிப்பறை உண்டா என்பதைத்தான். கேட்பது நியாயம். ஆனால் மணாலியைத் தாண்டிய அந்தச் சாலையில் டிரெய்லர் முழுசாகத் திரும்பி வருமா என்பதை முடிவு செய்வது படுக்கையும் அடுப்பும் இல்லை. அச்சு, ஹப் (சக்கரத்தை மாட்டும் நடுக்குடம்), பேரிங் (அச்சின் மேல் அது சுழல உதவும் உருளை வளையம்), கமான் பட்டை, இழுவைக் கொக்கி, இவைதான். அதனால் இந்தப் பதிவும் பெரும்பாலும் சக்கரத்தடியிலேயே இருக்கும்.

எங்கள் கார் டீசல் ஸ்கார்பியோ. டிரெய்லர், கேட்டரிங் தொழில் செய்த ஒருவரிடம் வாங்கிய பழைய ஒற்றை அச்சுப் பெட்டி வண்டி. விலை பேசும் முன் நான் கேட்டது அதன் ஆர்.சி.யை. மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு வாகனம். அதற்கென்று பதிவு வேண்டும், நம்பர் பலகை வேண்டும். வெல்டிங் பட்டறையில் நாலு இரும்புக் குழாயை இணைத்துச் சக்கரம் மாட்டிக் கொடுத்ததை அப்படியே சாலையில் இறக்க முடியாது. காகிதம் சரியாக இருந்தது, அடி இரும்புச் சட்டகத்தில் துரு இல்லை, வாங்கிவிட்டோம்.

இந்த வேலையில் எனக்கு ஆசான் என் அப்பா. ரயில்வேயில் கேரேஜ்-வேகன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரயில் நின்றதும் பெட்டி பெட்டியாகப் போய் அச்சுப் பெட்டியில் கை வைத்துச் சூடு பார்த்த தலைமுறை. அவர்கள் பாஷையில் ‘ஹாட் ஆக்சில்’. கவனிக்காமல் விட்டால் அச்சு முறிந்து வண்டி தடம் புரளும் வரை போகும். எங்களோடு வர அவருக்கு ரொம்ப ஆசை. ஆனால் இருதய டாக்டர் அவ்வளவு உயரம் கூடாது என்று சொல்லிவிட்டார். மயூர் விஹார் வீட்டு வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு நட்டையும் என் கையாலேயே முடுக்க வைத்தார். “நான் அங்கே இருக்க மாட்டேம்மா, நீதான் கழற்றிப் பூட்டணும்” என்று சொல்லிக்கொண்டே.

முதல் வேலை ஹப். பழைய வண்டியில் சின்ன கார் சக்கரங்கள் இருந்தன. அவற்றை எடுத்துவிட்டு, ஸ்கார்பியோவின் சக்கரமே டிரெய்லருக்கும் பொருந்தும்படி ஹப்பை மாற்றினோம். போல்ட் வட்டம் ஒன்று, டயர் அளவு ஒன்று. இதனால் எடுத்துச் செல்லும் ஸ்டெப்னிகள் காருக்கும் ஆகும், டிரெய்லருக்கும் ஆகும். இரண்டு சக்கரங்களுக்கு நடுவே உள்ள அகலத்தையும் காருக்குச் சமமாக வைத்தோம். சேற்றிலும் மணலிலும் கார் போட்ட தடத்திலேயே டிரெய்லர் வந்தால் இழுவை குறையும். பாதையோரப் பள்ளத்தில் அது தனியாக இறங்காது. காஷ்மீரி கேட் உதிரிபாகக் கடைகளில் அலைந்து ஹப், பேரிங், சீல் (ஹப்புக்குள் தண்ணீர் போகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) எல்லாம் ஒரே செட்டாகச் சேர்த்தோம். கடைக்காரர் உறுதியாகச் சொன்னாலும் பேரிங் மேல் பொறித்திருக்கும் எண்ணைக் கடையிலேயே ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும். ஒரு இடத்தில் பெட்டியில் ஒரு எண்ணும் உள்ளே இருந்ததில் வேறு எண்ணுமாகக் கொடுத்தார்கள். அதை வாங்காமல் வந்துவிட்டேன்.

பேரிங்குக்குள் கிரீஸ் ஏற்றுவதைப் பல பட்டறைகளில் மேலே பூசுவதோடு முடித்துவிடுகிறார்கள். கூம்பு உருளை பேரிங்கில் அது போதாது. இடது உள்ளங்கையில் ஒரு எலுமிச்சை அளவு கிரீஸை வைத்து, பேரிங்கின் அகலமான பக்கத்தை அதன் ஓரத்தில் அழுத்தி அழுத்தி இழுக்க வேண்டும். உருளைகளுக்கு நடுவே புகுந்து மறுபக்கம் புழுப்புழுவாக கிரீஸ் பிதுங்கி வந்தால்தான் அந்த இடம் நிறைந்தது என்று அர்த்தம். பிறகு சற்றே திருப்பி அடுத்த இடம். முழு வட்டமும் அப்படியே. சக்கர பேரிங்குக்கென்று விற்கும் லித்தியம் காம்ப்ளெக்ஸ் கிரீஸ், 2ஆம் எண் கெட்டி. வேறு வகை கிரீஸோடு கலக்கக்கூடாது. சில வகைகள் சேர்ந்தால் இளகி ஓடிவிடும்.

நட்டை முடுக்குவதுதான் அப்பா விட்டுக்கொடுக்காத இடம். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பேரிங் நன்றாக உட்கார்ந்ததும் முழுசாகத் தளர்த்தி, மறுபடி விரலால் மட்டும் முடுக்கி, நட் கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்னின் துளை பொருந்தும் அளவுக்குப் பின்னால் விட வேண்டும். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் நூலிழை ஆட்டம் கையில் தெரிய வேண்டும். ஆட்டமே இல்லையென்றால், சூடேறி விரியும்போது பேரிங் இறுகிவிடும். ஸ்பிளிட் பின் எப்போதும் புதுசு. பழையதை நிமிர்த்திப் போட்டால் எங்கேயோ ஒரு குலுக்கலில் ஒடியும்.

பிரேக்கைப் பொறுத்தவரை, அவ்வளவு எடையை மலை இறக்கத்தில் வெறும் கார் பிரேக்கை நம்பிக் கொண்டுபோக எனக்கு மனமில்லை. ஓவர்ரன் பிரேக் வைத்தோம். கார் வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் தள்ளும் இல்லையா, அந்தத் தள்ளலே இழுவைக் கம்பத்தில் உள்ள தண்டை உள்ளே அழுத்தி, கேபிள் வழியாக டிரம் பிரேக்கைப் பிடிக்கும். ரிவர்ஸ் எடுக்கும்போது அது பிடிக்காமல் இருக்க ஒரு பின்னைச் செருக வேண்டும். 50 மி.மீ. உருண்டைக் கொக்கி, குறுக்காகப் போட்ட இரண்டு பாதுகாப்புச் சங்கிலி, கழன்று போனால் பிரேக்கை இழுத்துவிடும் கம்பி. விளக்குகளுக்கு எர்த் தனி வயர். கொக்கி உருண்டை வழியாக எர்த் கிடைக்கும் என்று விட்டால், தூசி படிந்ததும் இண்டிகேட்டர் மங்கி மங்கி எரியும்.

சாமான் ஏற்றி முடித்த பிறகு தர்ம காண்டாவுக்குப் போனோம். டெல்லியில் எடை மேடைக்கு அதுதான் பெயர். டிரெய்லர் 620 கிலோ. கொக்கி மேல் இறங்கும் எடை மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். வீட்டு எடைக் கருவியில் கம்பத்தை இறக்கிப் பார்த்ததில் 48 தான் காட்டியது. பின்னால் பாரம் அதிகம். அப்படியே விட்டால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும், காரையும் சேர்த்து ஆட்டும். தண்ணீர் கேன்களை அச்சுக்கு முன்னால் தரையோடு மாற்றினோம், 70க்கு வந்தது. இதற்குச் செலவு ஒன்றுமில்லை, முக்கால் மணி நேர வேலை. டிரெய்லர் வைத்திருப்பவர்கள் வேறு எதைத் தவிர்த்தாலும் இதைத் தவிர்க்கக்கூடாது.

தூசிக்கு ஒரு வழி செய்தோம். ஓடும் பெட்டியின் பின்புறம் காற்றழுத்தம் குறைகிறது. அதனால்தான் பின்கதவின் இடுக்கு வழியாகத் தூசி உள்ளே உறிஞ்சப்படுகிறது. ரப்பர் பட்டை எவ்வளவு ஒட்டினாலும் முழுசாக நிற்காது. கூரையின் முன்பக்கம், காற்றைப் பார்த்த மாதிரி வடிகட்டித் துணி கட்டிய ஒரு சின்ன வாய் திறந்தோம். அது பெட்டிக்குள் காற்றை அழுத்தி வைக்கிறது, இடுக்குகள் வழியாகக் காற்று வெளியே போகிறது, தூசி வருவது நின்றது.

ஜூன் கடைசியில் மலை மந்திரில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கிக் கிளம்பினோம். நான், கணவர், எட்டாம் வகுப்பு படிக்கும் மகள். மணாலி வரை சொல்ல ஒன்றுமில்லை. நல்ல சாலை. நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் இறங்கி இரண்டு ஹப்பையும் தொட்டுப் பார்ப்பேன். முதலில் புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ச் சூடு பார்ப்பது, பிறகு உள்ளங்கை. கை பொறுக்கும் சூடு என்றால் சரி. அதைவிட முக்கியம், இடதும் வலதும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பது. இரண்டும் சூடாக இருந்தால் பிரேக் பிடித்திருப்போம். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அதற்குள் ஏதோ இருக்கிறது.

2020 அக்டோபரில் திறந்த அடல் சுரங்கம் 9.02 கிலோமீட்டர். ரோஹ்தாங் கணவாய் ஏறாமல் நேராக லாஹௌலுக்குள் கொண்டுபோய் விடுகிறது. டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்கு அது பெரிய வரம். அந்தப் பக்கம் சந்திரா, பாகா ஆறுகள் சேரும் தாண்டி என்ற ஊரில் டீசல் நிரப்பினோம். அங்கேதான் அடுத்த பெட்ரோல் பங்க் 365 கிலோமீட்டர் என்ற பிரபலமான பலகை. டிரெய்லரை இழுத்தால் டீசல் கூடுதலாகக் குடிக்கும், ஏற்றத்தில் இன்னும் கூடுதல். கேனிலும் பிடித்துக்கொண்டோம்.

ஜிஸ்பாவில் உடம்பு பழகட்டும் என்று திட்டத்தைவிடக் கூடுதலாகத் தங்கினோம். 3,000 மீட்டருக்கு மேல் போனால், ஒரு நாள் தூங்கிய உயரத்தைவிட அடுத்த நாள் 500 மீட்டருக்கு மேல் ஏறித் தூங்கக்கூடாது என்பது டாக்டர்கள் சொல்வது. ஆனால் இந்தச் சாலையில் ஜிஸ்பா 3,200 மீட்டர் சுமார், அடுத்துத் தங்கும் இடமான சர்ச்சு ஏறக்குறைய 4,300. இடையில் வசதியான நிறுத்தம் இல்லை. குழந்தையோடு போகிறவர்கள் ஜிஸ்பாவிலோ கேலாங்கிலோ அவசரப்படாமல் இருப்பது நல்லது. மருந்து வேண்டுமா என்பதைக் கிளம்பும் முன்பே டாக்டரிடம் பேசி முடிவு செய்துவிட வேண்டும்.

பாரலாச்சா லா 4,890 மீட்டர் சுமார். ஏறும்போது கார் திணறியது, ஆனால் டிரெய்லருக்கு ஒன்றும் இல்லை. வேலை இருந்தது இறக்கத்தில். கணவாயிலிருந்து பரத்பூர் வழியாகச் சர்ச்சுவுக்கு இறங்கும்போது சின்ன கியரில் வந்தாலும் ஓவர்ரன் பிரேக் அவ்வப்போது பிடித்துக்கொண்டே இருக்கும். டிரம் சூடாகும், டிரம்மோடு ஒட்டிய ஹப்பும் சூடாகும். அந்த இறக்கத்தில்தான் நாலாக்கள் சாலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடுகின்றன. வெயிலில் பனி உருகி வரும் தண்ணீர். காலையில் கணுக்கால் அளவு இருப்பது பிற்பகலில் பாறையை உருட்டும் அளவுக்கு வரும்.

இப்போது பேரிங் பக்கத்திலிருந்து இதைப் பாருங்கள். சூடான ஹப்புக்குள் இருக்கும் காற்றும் சூடாக விரிந்திருக்கிறது. அது அப்படியே பனித்தண்ணீருக்குள் முங்கும்போது காற்று சட்டென்று சுருங்குகிறது. உள்ளே அழுத்தம் குறைந்து, சீலின் உதடு வழியாகத் தண்ணீரை ஹப் தானே உறிஞ்சிக்கொள்கிறது. படகு டிரெய்லர்களில் அடிக்கடி பேரிங் போவதற்கும் இதுவே காரணம். நாலாவுக்கு முன்னால் நின்று ஹப் ஆறிய பிறகு இறங்குவதுதான் சரியான முறை. எங்கள் முறை வந்தபோது பின்னால் லாரி வரிசை, நிற்க இடமில்லாத ஒற்றைத் தடம், தண்ணீரும் ஏறிக்கொண்டிருந்தது. கடந்துதான் ஆக வேண்டும். மறுகரையில் கொஞ்ச தூரம் பிரேக்கை லேசாக மிதித்தபடியே ஓட்டி டிரம்மைக் காய வைத்துக்கொண்டு சர்ச்சு வந்து சேர்ந்தோம்.

கூடாரங்களுக்குப் பக்கத்தில் நிறுத்தி ஹப்பைத் தொட்டால் இரண்டும் ஒரே சூடு. இருந்தாலும் ஜாக் போட்டு ஒவ்வொரு சக்கரமாகச் சுற்றிப் பார்த்தோம். வலது சக்கரம் சத்தமில்லாமல் சுற்றியது. இடதில் ஈரமான ஒரு சலசலப்பு. மூடியைக் கழற்றி விரலை விட்டால், கரும்பழுப்பாக இருந்த கிரீஸ் பால் விட்ட காபி நிறத்தில் வந்தது. தண்ணீர் போயிருக்கிறது.

அப்போதே பிரிக்கவில்லை. மகளுக்குத் தலைவலி தொடங்கியிருந்தது. அவளுக்குக் கஞ்சி கொடுத்துப் படுக்க வைத்து, இரவு கூடினால் டிரெய்லர் இங்கேயே கிடக்கட்டும், காரில் ஜிஸ்பாவுக்கு இறங்கிவிடுவது என்று பேசி வைத்துக்கொண்டோம். விடிகாலையில் “அம்மா, பசிக்குது” என்றாள். தலைவலி போயிருந்தது. வெயில் ஏறியதும் வேலையில் இறங்கினோம்.

கார் ஹேண்ட்பிரேக்கில், டிரெய்லர் கொக்கியில் மாட்டியபடி, எதிர்ச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல். அடியில் சரளை மண் என்பதால் ஜாக்குக்குக் கீழே பலகை. மூடி, ஸ்பிளிட் பின், நட், வாஷர், வெளி பேரிங், கழற்றிய வரிசையிலேயே எவர்சில்வர் தட்டில். ஹப்பை இழுத்ததும் உள் பேரிங்கும் சீலும் அதோடு வந்தன. சீலின் ரப்பர் உதட்டில் ஒரு இடத்தில் மணல் கீறிய கோடு. தண்ணீர் வந்த வழி அதுதான். மண்ணெண்ணெயில் பேரிங்குகளைக் கழுவி, அப்பாவின் பழைய வேட்டித் துணியால் துடைத்தோம். நூல் உதிராத துணி வேண்டும், பனியன் கழிவு ஆகாது. உருளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். நீலம் பாய்ந்திருக்கிறதா, அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்திருக்கிறதா, துருப் புள்ளி இருக்கிறதா. எதுவும் இல்லை. ஒரே ராத்திரி ஆனதால் தப்பித்தது. இதைக் கவனிக்காமல் கிளம்பியிருந்தால் அடுத்த சில நாட்களில் துரு ஏறி, மோரே சமவெளியின் நேர்ச்சாலை ஓட்டத்தில் பேரிங் சிக்கியிருக்கும்.

வெயிலில் காய வைத்து, புது கிரீஸ் ஏற்றி, புது சீலை மட்டமான மரக்கட்டை வைத்துச் சுற்றிலும் சீராகத் தட்டி இறக்கினோம். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் சீல் கோணி உட்கார்ந்து மறுபடி ஒழுகும். சாதாரணமாக ஒரு மணி நேர வேலை. அங்கே பத்துத் தட்டு தட்டினால் மூச்சு வாங்குகிறது, உட்கார்ந்து உட்கார்ந்துதான் செய்ய முடிந்தது. வலது பக்கத்தையும் திறந்து பார்த்தோம், சுத்தமாக இருந்தது.

சமையலைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அதுவும் அந்த உயரத்தின் இயற்பியல்தான். சர்ச்சுவில் தண்ணீர் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு நேரம் கொதித்தாலும் பருப்பு வேகாது, குக்கர் இல்லாமல் சாம்பார் கிடையாது. கேஸ் உருளை விடிகாலையில் சுடரே விடவில்லை. குளிர் கூடக்கூட எல்பிஜியில் உள்ள பியூட்டேன் ஆவியாவது குறைந்துகொண்டே போகும். மண்ணெண்ணெய் அடுப்பு எடுத்துப் போனது அதற்காகத்தான், அதே மண்ணெண்ணெய்தான் பேரிங்கையும் கழுவியது.

டயர் அழுத்தம் பற்றி எல்லோரும் மேலே போனால் காற்று குறைக்கச் சொன்னார்கள். 40 டிகிரி டெல்லியில் 35 பிஎஸ்ஐ வைத்தது, சர்ச்சுக் குளிரில் காலையில் அதே 35 காட்டியது. வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் ஏறுகிறது, குளிரால் இறங்குகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. வெயில் ஏறியதும்தான் கூடும். அப்போது பார்த்துக்கொண்டால் போதும்.

அங்கிருந்து 21 கொண்டை ஊசி வளைவுள்ள கேட்டா லூப்ஸ். குறுகலான மலைச்சாலையில் ஏறும் வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும் என்பது சாலை விதி; ராணுவ லாரிக்காரர்கள் அதை மதித்து எங்களுக்காக ஒதுங்கி நின்றார்கள். டிரெய்லரை அந்த வளைவுகளில் ரிவர்ஸ் எடுக்க வேண்டி வரவில்லை, அதற்கு அவர்களுக்குத்தான் நன்றி. லாச்சுலுங் லா தாண்டி பாங் வந்தபோது கமான் பட்டையை அச்சோடு கட்டியிருக்கும் யூ-போல்ட் நட்டுகள் எல்லாமே கால் சுற்று முடுங்கின. அதிர்வில் புதுக் கமான் கட்டு உட்கார்ந்து, இறுக்கம் தானாகக் குறைந்திருக்கிறது. இது தெரியாமல் ஓட்டினால் அச்சு பட்டை மேல் நகரும், நடு போல்ட் வெட்டுப்படும், பிறகு அச்சே குறுக்காகத் திரும்பிவிடும். மோசமான சாலையில் முதல் நூறு கிலோமீட்டருக்குள் ஒரு முறை, அப்புறம் தினம் காலையில் ஒரு முறை, ஸ்பானரை வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

தங்லாங் லா 5,328 மீட்டர். அதற்குப் பிறகு உப்ஷி வரை நீண்ட இறக்கம், சிந்து நதி, லே. வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது. கணவரின் போஸ்ட்பெய்டில் அப்பாவை அழைத்தேன். ஊரைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. “எந்தப் பக்கம் தண்ணி போச்சு? உள் பேரிங்கா, வெளி பேரிங்கா? சீல் உதட்டைப் பார்த்தியா?” என்று வரிசையாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் பதில் வாங்கிய பிறகுதான் பேத்தியிடம் கொடுக்கச் சொன்னார்.

திரும்பும்போது சர்ச்சுவிலிருந்து விடிந்ததும் கிளம்பினோம். அந்தத் திசையில் அதே நாலாக்கள் ஏற்றத்தில் வருகின்றன. பிரேக் பிடிக்க வேலையில்லை, ஹப் குளிர்ந்தே இருக்கும், தண்ணீரும் காலையில் குறைவு. பாரலாச்சாவுக்கு இந்தப் பக்கம் ஜிங்ஜிங்பார் இறக்கத்தில் மட்டும் தண்ணீருக்கு முன்னால் அகலமான இடம் பார்த்து நிறுத்தி, டீ போட்டுக் குடித்து, ஹப் சில்லென்று ஆன பிறகு இறக்கினோம்.

டெல்லி வந்ததும் நாலு பேரிங்கையும் கழற்றி அப்பா முன்னால் வைத்தேன். சர்ச்சுவில் கழுவிய இடது உள் பேரிங்கில் இரண்டு உருளைகளின் விளிம்பில் மிக நுண்ணிய துருக்கறை. பூதக்கண்ணாடியில்தான் தெரிகிறது. அதன் ஓடுபாதை வளையத்தோடு சேர்த்து அதை மாற்றிவிட்டோம். பேரிங்கை மட்டும் மாற்றி வளையத்தை விடுவது வீண் செலவு. மற்ற மூன்றும் நன்றாக இருந்ததால் அப்படியே திரும்ப ஹப்புக்குள் போய்விட்டன. ஒற்றை உதட்டுச் சீலுக்குப் பதிலாக இரட்டை உதட்டுச் சீல் போட்டாயிற்று. படகு டிரெய்லர்களில் போடுவது போல, உள்ளே கிரீஸை ஸ்பிரிங்கால் லேசாக அழுத்தி வைத்திருக்கும் மூடி எங்கள் ஹப் அளவுக்குக் கிடைக்கவில்லை. அதை லேத் பட்டறையில் கடைந்து வாங்க அப்பா அளவு எடுத்துக் கொடுத்திருக்கிறார்.